வலியற்ற நாள் முந்நூற்று அறுபத்தைந்து

வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு எத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டும்? என்னைக் கேளுங்கள், கணக்காகச் சொல்கிறேன். நாலு பேரிடம். அதில் ஒருவர் சோப்புக் குமிழி ஊதுகிறவர்.

நான் தராசு ரிப்பேர் செய்கிறவன். மளிகைக் கடைத் தராசு, நகைக்கடைத் தராசு, மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு எல்லாம் என் கைக்கு வரும். அளப்பதுதான் என் பிழைப்பு. அதனால் எவராவது ஒரு பொருளை அளக்கிறேன் என்று சொன்னால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும். அந்த மரியாதையோடுதான் அன்று காலை ஏழு மணிக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த மருத்துவமனைக்குள் நுழைந்தேன். மத்தியானத்துக்குள் மரியாதை காலியாகிவிட்டது.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். தூக்கத்தில்கூட யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரே வருஷத்தில் ஐந்து தடவை தொண்டை வீங்கிக் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். டான்சிலை எடுத்துவிடலாம், இருபது நிமிஷ வேலை என்றார் டாக்டரம்மா. சொன்னபடியே ஒன்பது மணிக்கு முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. இனிமே வலி மருந்துதான் முக்கியம். பத்து மணிக்கு ஒண்ணு, அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலிக்கட்டும், பார்க்கலாம்னு காத்திருக்கவே கூடாது. வலிச்சா முழுங்க மாட்டா. முழுங்கலைன்னா தண்ணி உள்ள போகாது. நாலு மணிக்கு நான் வருவேன். அதுக்குள்ள அரை டம்ளர் குடிச்சிருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா திரும்பக் கையில ஊசி குத்தி டிரிப் ஏத்தணும். வேற வழியில்ல."

இதையே ஒரு சீட்டில் எழுதிக் கோப்பில் செருகிவிட்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

ஊசி என்றதும் அவள் புறங்கையைப் பார்த்தேன். காலையில் அவள் கையில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். புறங்கை முழுக்க நீலம் பாரித்துவிட்டது. நாலாவது தடவை அவள் கத்தவில்லை. என் சட்டையின் மேல் பொத்தானைப் பிய்த்து எடுத்துவிட்டாள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் முதல் வேலையாக அந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தவளும் அவள்தான். இன்னொரு ஊசி என்றால் பிள்ளை தாங்க மாட்டாள். நானும் தாங்க மாட்டேன். ஆக, அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நாலு மணிக்குள் அரை டம்ளர் தண்ணீர்.

டம்ளரை உதட்டருகே கொண்டுபோனேன். தலையை ஆட்டினாள். எச்சிலைக்கூட முழுங்க மாட்டாமல் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயாடியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் அதுபாட்டுக்குக் காதுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மணி பத்தே கால். மருந்தைக் காணோம்.

வார்டு நர்ஸிடம் போனேன்.

"சிஸ்டர், பாப்பாவுக்கு வலி மருந்து இன்னும் வரலையே."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவா பேசுங்க சார். அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாது."

"எதை? மருந்துன்னா?"

"அது பரவாயில்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, அதை."

"பின்ன எப்படித்தான் சொல்றது?"

"அசௌகரியம்னு சொல்லுங்க."

"சரி. பாப்பாவுக்குத் தொண்டையில அசௌகரியம் உயிர் போகுது சிஸ்டர்."

அவர் கையை நீட்டி வாசல் பக்கம் காட்டினார். வார்டு வாசலுக்கு மேல் கதவைவிடப் பெரிய பலகை ஒன்று தொங்கியது. 'வலியற்ற மருத்துவமனை' என்று மேலே. அதன் கீழே 'வலியற்ற நாட்கள்' என்று எழுதி, மூன்று இரும்புத் தகடுகளில் 3, 6, 4. தினமும் ஒரு தகட்டை மடித்துவிட்டால் அடுத்த எண் வருகிற மாதிரி செய்திருந்தார்கள். கடிகார வேலை மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு மூணு மணிக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு ஆகப்போகுது சார். ஒரு வருஷம். சான்றிதழ் குடுக்கற குழு வருது. மருந்து அலமாரி சாவி என்கிட்ட இல்ல. அசௌகரிய மதிப்பீட்டு அலுவலர்கிட்ட இருக்கு. அவர் வந்து அளந்து, நாலு மதிப்பெண்ணாவது போட்டாத்தான் மருந்து."

"டாக்டரம்மாதான் சீட்டு எழுதியிருக்காங்களே?"

"அது டாக்டரோட அபிப்பிராயம் சார்" என்றார் நர்ஸ். அதைச் சொல்லும்போது அவருக்கே முகம் சரியில்லை. நல்ல மனுஷி, பாவம்.

பதினொன்றே காலுக்கு அலுவலர் வந்தார். கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம், கையில் அட்டை. அட்டையில் ஆறு முகங்கள். முதலாவது வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது, அதற்குப் பூஜ்யம். அப்படியே ஒவ்வொன்றாக வாடிக்கொண்டே போய், ஆறாவது முகம் தேம்பித் தேம்பி அழுதது. அதற்குப் பத்து. எனக்கு அந்த அட்டையைப் பார்த்ததும் நிம்மதி. ஆறாவது முகம் அச்சு அசலாக என் மகள்தான்.

"பாப்பா, நீ இதுல எந்த மூஞ்சி?" என்று குனிந்து கேட்டார் அலுவலர்.

கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த என் மகள் விரலை நீட்டிச் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

"பூஜ்யம்" என்று எழுதிக்கொண்டு, பையிலிருந்து தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அவள் சட்டையில் ஒட்டினார். "சமர்த்து."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸ்தான் காதோடு சொன்னார். சிரிக்கிற முகத்தைக் காட்டுகிற குழந்தைக்கு ஸ்டிக்கர் உண்டாம். மற்ற ஐந்து முகத்துக்கும் கிடையாதாம். முந்தின நாள் இரத்தப் பரிசோதனைக்கு வந்தபோதே எல்லாக் குழந்தைகளையும் உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம்.

நான் மகளிடம் குனிந்தேன். "கண்ணு, ஸ்டிக்கர் அப்பா வாங்கித் தரேன், ஒரு அட்டை முழுக்க. இப்ப நிஜத்தைக் காட்டு."

அவள் உடனே ஆறாவது முகத்தில் விரலை வைத்து அழுத்தினாள். அட்டை வளைந்தது.

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "இது செல்லாது சார். ஒரு நிமிஷம் முன்னாடி பூஜ்யம். இப்ப பத்து. அப்படித் தாவக் கூடாது. விதிப்படி படிப்படியாத்தான் ஏறணும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு படி."

"வலி என்ன மாடிப்படியா சார், ஒவ்வொண்ணா ஏறுறதுக்கு?"

"அந்த வார்த்தை வேண்டாமே" என்றார். "தவிர, நீங்க சாட்சியைக் கலைச்சிருக்கீங்க. ஸ்டிக்கர் வாங்கித் தரேன்னு ஆசை காட்டினதை நானே கேட்டேன்."

தொழில் புத்தி சும்மா இருக்குமா? "சார், நான் தராசு வேலை பார்க்கிறவன். ஒரு தராசு சரியா காட்டுதான்னு பார்க்க, எடை தெரிஞ்ச கல்லை வச்சுப் பார்ப்போம். இந்த அட்டையை எதை வச்சுச் சரி பார்த்தீங்க?"

"முந்நூத்தி அறுபத்திநாலு நாளா பூஜ்யம் காட்டுது. ஒரு நாள்கூட மாறினதில்ல. இதைவிட நம்பகமான கருவி எங்க இருக்கு?"

முள் ஒட்டிக்கொண்ட தராசை அப்படித்தான் கடைக்காரன் மெச்சிக்கொள்வான். அதைச் சொன்னால் சாவி இன்னும் தூரம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டிலிருந்து என் மனைவி போன் செய்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் வர முடியவில்லை.

"தண்ணி குடிச்சாளா?"

"இன்னும் மார்க் வரலை."

"நீங்க ஆஸ்பத்திரியிலதான இருக்கீங்க?"

"அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

பன்னிரண்டே காலுக்கு அலுவலர் மறுபடி வந்தார். பேச முடியாத குழந்தைகளுக்கு வேறு படிவம் இருக்கிறது, பார்த்தே அளந்துவிடலாம் என்றார். அப்பாடா என்று நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"கால் உதைக்குதா?"

"அசைஞ்சாலே உசிர் போகுதுன்னு அப்படியே கிடக்கிறா சார்."

"கால், அமைதி. பூஜ்யம். உடம்பு?"

"மரக்கட்டை மாதிரி கிடக்கு."

"உடம்பு, அமைதி. பூஜ்யம். அழுகைச் சத்தம்?"

"தொண்டையில புண்ணு. எப்படிச் சத்தம் வரும்?"

"சத்தம் இல்லை. பூஜ்யம்."

"கண்ணுலேர்ந்து கொட்டுதே சார், பாருங்க, தலையணையே நனைஞ்சு போச்சு!"

அவர் எட்டிப் பார்த்தார். ஈரத்தை விரலால் தொட்டும் பார்த்தார். "கண்ணீர் கண் பிரிவுல வரும் சார். நாம தொண்டை."

புருவம் சுருங்கியிருந்ததற்கு மட்டும் பெரிய மனசு பண்ணி ஒரு மதிப்பெண் போட்டார். மொத்தம் ஒன்று. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"சார், நீங்கதான் மதிப்பெண்ணைக் குறைக்கறீங்க. அவ தலையைத் தடவிக்கிட்டே இருக்கீங்க பாருங்க, அதனால 'ஆறுதல் அடைகிறாள்'னு வருது, பூஜ்யம். கையை எடுத்துடுங்க. ஒரு நிமிஷம் தவிச்சான்னா 'ஆறுதல் அடையவில்லை'ன்னு ரெண்டு போட்டுடலாம். மொத்தம் மூணு. அந்தத் தவிப்புல கால் ஒண்ணு ரெண்டு உதைச்சான்னா நாலு. நாலுன்னா சாவி."

கேட்க வெட்கமாக இருந்தது. ஆனால் நாலு மணியும் ஊசியும் கண் முன்னால் நின்றன. கையை எடுத்தேன். அவர் கடிகாரத்தை அழுத்தினார்.

மகள் கண்ணைத் திறந்தாள். என் கை எங்கே போயிற்று என்று தேடினாள். தலையைத் திருப்பினால் வலிக்கும் என்பதால் விரல்களை மட்டும் விரிப்பின் மேல் ஓட்டி, என் பக்கமாகத் துழாவிக்கொண்டே வந்தாள். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏழு விநாடிதான் ஆச்சு" என்றார் அலுவலர்.

"உங்க மார்க்கை நீங்களே வச்சுக்குங்க" என்றேன். அன்றைக்கு எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது அப்போதுதான்.

ஒரு மணிக்குக் கவனம் திருப்பும் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சோகமான முகம், சட்டைப்பையில் அடையாள அட்டை: 'குமிழி ஊதுநர், இரண்டாம் நிலை.' மருந்துக்குப் பதிலாகக் குமிழி. கட்டில் பக்கத்தில் நின்று, சோப்புத் தண்ணீரில் வளையத்தைத் தோய்த்து, கடமையாக ஊதினார்.

"பதினெட்டு வருஷமா ஊதுறேன் சார். முதல் நிலைக்கு உயர்ந்தா பெரிய வளையம் குடுப்பாங்க. இன்னும் ஆர்டர் வரலை."

ஒரு குமிழி மெல்ல மிதந்து போய் என் மகளின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது, அவ்வளவுதான். முகம் சுருங்கி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஊதுநர் வளையத்தைக் கீழே வைத்துவிட்டார். "சார், எனக்கும் ரெண்டு பெண் பிள்ளைங்க. இதுக்கு நிஜமாவே வலிக்குது சார்."

டாக்டரம்மாவுக்குப் பிறகு, வலி என்ற வார்த்தையை அந்தக் கட்டடத்தில் ஒரு ஊழியர் வாயிலிருந்து கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அதை அப்படியே எழுதிக் குடுங்களேன்!"

"எழுத எனக்கு அதிகாரம் இல்ல சார். ஊத மட்டும்தான். இன்னொண்ணும் சொல்லிடறேன், தப்பா நினைக்காதீங்க. நான் வந்துட்டுப் போனாலே விதிப்படி ரெண்டு மார்க் குறைச்சுடுவாங்க."

ஒன்றிலிருந்து இரண்டைக் கழித்தார்கள். மைனஸ் ஒன்று.

"அப்படின்னா என்ன சார் அர்த்தம்?" என்று அலுவலரைக் கேட்டேன்.

அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "அசௌகரியமே இல்லாத குழந்தையைவிட ஒரு படி சௌகரியமா இருக்கான்னு அர்த்தம். இந்த மருத்துவமனையில இதுதான் முதல் தடவை. இயக்குநர் இன்னைக்குப் பேச்சுல கண்டிப்பா சொல்வார்."

நான் கோப்பைத் திறந்து டாக்டரம்மாவின் சீட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "சார், இங்க பாருங்க. வலிக்கறதுக்கு முன்னாடியே குடுக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. காத்திருக்கவே கூடாதுன்னு எழுதியிருக்கு."

அவர் சீட்டைத் தொடவில்லை. "எல்லாருக்கும் முன்னாடியே குடுத்துட்டா, அப்புறம் யாருக்கும் எதுவும் வராது. எதுவும் வரலைன்னா நான் எதை அளக்கறது? கொஞ்சம் என் நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க சார். வேணும்னா இயக்குநர்கிட்ட முறையிடுங்க. விழா முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் ஒதுக்குவார்."

மணி இரண்டரை. வாயாடியைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தேன். பலகைக்குக் கீழே நாற்காலிகள் போட்டு ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் சான்றிதழ்க் குழு, மூன்று பேர். நடுவில் இருந்த மூக்குக் கண்ணாடி அம்மாதான் தலைவி; வந்து உட்கார்ந்ததிலிருந்து தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மகள் சுடச்சுட மூச்சை என் கழுத்தில் விட்டுக்கொண்டிருந்தாள்.

சரியாக மூன்று மணிக்கு இயக்குநர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு, நல்ல குரல்.

"பெரியோர்களே! நான் இங்க பொறுப்பேத்தப்போ எங்க பார்த்தாலும் அழுகை. வார்டுக்குள்ள ஒரு மனுஷன் நிம்மதியா நடக்க முடியாது. நான் என்ன பண்ணினேன்? குழந்தைங்களோட அசௌகரியத்தைக் குறைக்கலாமான்னு யோசிச்சேனா? இல்ல! அது எல்லாரும் யோசிக்கிறது. அதை எழுதறவங்களைக் குறைச்சேன். அப்போ பதினோரு பேர் எழுதிக்கிட்டிருந்தாங்க. இப்ப ஒரே ஒருத்தர். அவர்கிட்டயும் ஒரே பேனாதான். ஆறே மாசத்துல பலன் தெரிஞ்சுது!"

கைதட்டல். அந்த ஒற்றைப் பேனா அலுவலர் எழுந்து வணங்கினார்.

"என்னையே எடுத்துக்குங்க. முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். என் கண் முன்னாடி எத்தனை ஆயிரம் குழந்தைங்களுக்கு ஆபரேஷன் நடந்திருக்கு! ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு வலிச்சதே இல்ல!"

பலமான கைதட்டல். என் முன்னால் உட்கார்ந்திருந்த குமிழி ஊதுநர் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு இதே வார்டுல ஒரு சின்னக் குழந்தை மைனஸ் ஒண்ணு எடுத்திருக்கா. உலகம் பூஜ்யத்தைப் பிடிக்கவே தவிக்குது, நாம அதையும் தாண்டிட்டோம்!"

என் தோளில் கிடந்த சாதனை எச்சிலை என் சட்டையில் துடைத்தது.

பிறகு இயக்குநர் பலகையை நோக்கி நடந்தார். உதவிக்கு வந்தவர்களை விலக்கிவிட்டுத் தானே நாற்காலி மேல் ஏறினார். 4 என்ற தகட்டைப் பிடித்துக் கீழே மடித்தார். கீலுக்கு எண்ணெய் காட்டி எத்தனை காலமோ, தகடு பாதியில் நின்றது. உள்ளே விரலை விட்டு நெம்பினார். தகடு சட்டென்று விழுந்தது. ஆள்காட்டி விரல் உள்ளேயே இருந்துவிட்டது.

அந்த அலறலை எழுத்தில் எழுத முடியாது. வார்டில் படுத்திருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அசௌகரியம் என்று அவர் சொல்லவில்லை. பெற்ற தாயைத்தான் கூப்பிட்டார்.

சும்மா இருப்பேனா? மகளை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். என் பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். இன்னொரு நாற்காலி மேல் ஏறித் தகட்டின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். கை வேலை செய்தது. வாய் மட்டும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை அடக்க மாட்டேன் என்றது.

"சார், பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு சார் இருக்கும்?"

"யோவ்! பத்துய்யா! நூறுய்யா! கழட்டுய்யா முதல்ல!"

"ஒரேயடியா பத்து வராது சார். படிப்படியாத்தான் ஏறணும்."

"ஐயோ, இவனை யாராவது..."

"கால் உதைக்கிறாரா பாருங்க" என்று அலுவலரைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே அலுவலர் இல்லை. மனுஷன் பறந்து போய் மருந்து அலமாரியைத் திறந்து, கைக்குக் கிடைத்த முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து ஐந்து மணி நேரம் திறக்காத அலமாரி அரை நிமிஷத்தில் திறந்துவிட்டது. குழந்தைகள் வார்டு அலமாரியில் குழந்தைகள் மருந்துதானே இருக்கும்? இளஞ்சிவப்பு நிறத்தில், இனிப்பாக. விரல் வெளியே வந்ததும் இயக்குநர் அதை வாங்கி, அளவு மூடியெல்லாம் பார்க்காமல், பாட்டிலோடு கவிழ்த்துக்கொண்டார். குமிழி ஊதுநர் பழக்கதோஷத்தில் வளையத்தை எடுத்து ஊதப்போனார். இயக்குநர் பார்த்த பார்வையில் வளையம் பைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் குழுத் தலைவி முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"அந்த மருந்து யாருக்கு எழுதினது?"

இயக்குநர் பாட்டிலை மெல்ல அலுவலர் பக்கம் தள்ளினார்.

"நோயாளிக்கு வலின்னு திறந்திருந்தா, உங்க விதிப்படி பலகை பூஜ்யத்துக்குப் போகணும். நோயாளி யாரும் இல்லைன்னா, குழந்தைங்க மருந்தை இயக்குநர் எடுத்துக் குடிச்சார்னு எழுதணும். ரெண்டுல எதை எழுதட்டும்?"

இயக்குநர் விரலை வாயில் வைத்துக்கொண்டு அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் நர்ஸின் தோளில் கிடந்த என் மகளைப் பார்த்தார். ஓடிப்போய்க் கோப்பைக் கொண்டுவந்தார். காலையிலிருந்து விரலால்கூடத் தொடாத அந்தச் சீட்டை இரண்டு கையாலும் எடுத்துத் தலைவியிடம் நீட்டினார்.

"ரெண்டும் இல்லைங்கம்மா! இது வலி வராமலே இருக்க முன்கூட்டியே குடுக்கற மருந்து. இதோ டாக்டர் சீட்டு. இந்தப் பாப்பாவுக்காகத் திறந்த பாட்டில். வலியும் இல்ல, வீணும் இல்ல!"

"நம்மளோட புதுத் திட்டம்" என்றார் இயக்குநர், வாயிலிருந்து விரலை எடுக்காமலே. "இன்னைக்குத்தான் ஆரம்பம்."

தலைவி சீட்டைப் படித்தார். "நல்ல முறைதான். எங்க போனாலும் இதைத்தான் நாங்க சொல்றோம். பாப்பா மருந்து குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சும்மா" என்றார் அலுவலர்.

"பெற்றோர் கையெழுத்து?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு மணியிலிருந்து அந்தக் கட்டடத்தில் அலைகிறேன், ஒரு ஆள் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது அத்தனை கண்ணும் என் மேல். அலுவலர் படிவத்தையும் பேனாவையும் என் கையில் திணித்தார்.

"குடிச்சதுக்கு அப்புறம் போடறேன்" என்றேன்.

"சார், குடிச்ச மாதிரிதான் சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"அப்ப நானும் போட்ட மாதிரிதான்."

அலமாரி இரண்டாம் தடவை திறந்தது. நர்ஸ் புதுப் பாட்டிலின் மூடியை உடைத்து, டாக்டரம்மா எழுதிய அளவைக் குழாயில் உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக அவள் கன்னத்துக்குள் விட்டார். மகள் கண்ணை இறுக்கிக்கொண்டு, என் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொட்டாக இறக்கினாள். கடைசிச் சொட்டு இறங்கிய பிறகுதான் பேனாவைத் திறந்தேன். அடுத்த வேளைகளுக்கான பாட்டிலும் என் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்தை முடித்தேன். அப்போதும் விடுவேனா? படிவத்தில் அவள் முக்கால் பாட்டில் குடித்ததாக எழுதியிருந்தார்கள். அளவு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. அதை அடித்து, சரியான மில்லியை எழுத வைத்து, மீதிக்கு நேராக 'சிந்தியது' என்று போடச் சொன்னேன்.

பிறகு விழா தொடர்ந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இயக்குநர் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார். நான் கழற்றிய தகடு கீழேயே கிடந்ததால் பலகையில் 36 மட்டும் தொங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை, கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு மகளின் புருவம் தளர்ந்தது. எச்சில் துணியைக் கீழே போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைப் பார்த்தாள். நான் மூச்சு விடாமல் எடுத்து நீட்டினேன். ஒரு வாய். கண்ணை மூடிக் காத்திருந்தாள். இன்னொரு வாய். டம்ளர் பாதிக்குக் கீழே போனபோது நானும் நர்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்து தொண்டையைப் பார்த்தார்.

"தண்ணி?"

"முக்கால் டம்ளர்" என்றேன்.

"வலி மருந்து நேரத்துக்குக் குடுத்தீங்கதானே?"

"குடுத்தோம் டாக்டர்" என்றார் நர்ஸ். "ஒரு விழாவே வச்சுக் குடுத்தோம்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவசரத்தில் இருந்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மனைவிக்குப் போன் செய்து, கிளம்பிவிட்டோம் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வெளியே வந்து வண்டிக்காக மர நிழலில் நின்றோம். வெயில் இறங்கியிருந்தது. மகள் என் தோளில் இருந்தாள்.

"அப்பா" என்றாள். கரகரவென்று, யாருடைய குரலோ மாதிரி.

"பேசாதடா கண்ணு. தொண்டை புண்ணாயிருக்கு."

"ரொம்ப வலிச்சுதுப்பா."

"தெரியும்டா."

"உனக்கு எப்படிப்பா தெரியும்? நான்தான் ஒண்ணுமே சொல்லலையே."

"உன்னைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மருந்து நன்றாக வேலை செய்திருந்தது. இப்போது அவளால் வாயைத் திறக்க முடிந்தது. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சத்தம் போட்டு அழுதாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முதுகைத் தட்டிக்கொண்டு அழவிட்டேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.